ரத்தம் கொடுத்தவர்கள் கேள்வி கேட்பது எப்போது? வேலூர் வட்டார ஆய்வுகளில் யார் இருக்கிறார்கள், யார் விடுபடுகிறார்கள்

பேரணாம்பட்டு உயிர்வேதியியல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பேரணாம்பட்டுக்கு அருகில் உள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தவள் நான். என் தந்தை தோல் தொழிற்சாலையில் கூலி வேலை செய்தவர். இப்போது உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். ஆராய்ச்சித் துறையில் சமத்துவம், பன்முகத்தன்மை, அனைவரையும் உள்ளடக்குதல் ஆகிய சொற்கள் இன்று எல்லாக் கருத்தரங்குகளிலும் கேட்கின்றன. பெரும்பாலும் அந்தப் பேச்சு, மேடையில் எத்தனை பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள், பணியிடங்களில் எத்தனை விழுக்காடு யாருக்கு என்ற கணக்கோடு நின்றுவிடுகிறது. அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் நம் மாவட்டத்தை மனத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு வேறொரு கேள்வி எழுகிறது.

மருத்துவ ஆராய்ச்சிக்கு நெடுங்காலமாகத் தம் உடலைத் தந்துவரும் மக்கள் நம் வட்டாரத்தினர். 1955-ல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1986-ல் சென்னைக் காப்பகம் ஒன்றில் இருந்த பெண்களின் ரத்தம் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டுச் சோதிக்கப்பட்டபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவாக் தடுப்பூசி, டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் ஏறத்தாழ 6,800 கைக்குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட பிறகே 2016-ல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. அந்தப் பணியில் முன்னின்றவர்களுள் ஒருவரான ககன்தீப் காங், 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; இந்தியாவில் பணியாற்றும் பெண் அறிவியலாளர்களுள் அந்தச் சிறப்பைப் பெற்ற முதல்வர் அவர். 1660-ல் தொடங்கப்பட்ட சங்கம் அது. இவையெல்லாம் நமக்குப் பெருமை. ஆயினும் ரத்தம் கொடுத்த குடும்பங்களிலிருந்து, ஆய்வின் கேள்வியைத் தாமே எழுப்பும் நிலைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்த்தால் விரல்விட்டு எண்ணக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.

இது வெறும் நியாயம் பற்றிய கேள்வி என்று நான் கருதவில்லை; அறிவியல் சரியாக இருக்குமா என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. சர்க்கரை நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறு வயதிலிருந்தே போதிய உணவின்றி வளர்ந்த, மெலிந்த உடல் கொண்ட ஏழைகளுக்கு வரும் ஒருவகைச் சர்க்கரை நோயை 1955-லேயே ஜமைக்காவில் ஒரு மருத்துவர் குறித்துவைத்தார். 1985-ல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தனி வகையாகப் பட்டியலில் சேர்த்தது. போதிய சான்று இல்லையென்று 1999-ல் நீக்கிவிட்டது. சான்று இல்லாமல் போனதற்குக் காரணம் அந்த நோயாளிகளை யாரும் போதுமான அளவு ஆராயாததுதான். 2022-ல் வேலூர் மருத்துவர்கள் பங்கேற்று வெளியிட்ட ஆய்வு ஒன்று, இவர்களுக்கு இன்சுலின் சுரப்பதிலேயே குறைபாடு இருக்கிறது, பருமனானவர்களிடம் காணப்படுவதைப் போன்ற இன்சுலின் எதிர்ப்பு (சுரந்த இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை) இல்லை என்று காட்டியது. 2025-ல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு அதற்கு ஐந்தாம் வகை என்று பெயரிட்டது. முதற்குறிப்பிலிருந்து எழுபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. இடைப்பட்ட காலத்தில் இந்த நோயாளிகள் வேறு வகையினருக்கான மருத்துவத்தையே பெற்றுவந்தார்கள். உணவு போதாத ஒருவருக்கு இன்சுலின் அளவு மிகுந்தால் சர்க்கரை திடீரென இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

அந்த நல்ல ஆய்வில் பங்கேற்ற அனைவரும் ஆண்களே என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் பெண்களின் உடலில் இதே நோய் எப்படி இருக்கும் என்று அறிய இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகுமோ?

நீங்கள் பணியாற்றிய அல்லது பங்கேற்ற ஆய்வுகளில் கேள்வியை யார் தீர்மானித்தார்கள், யார் விடுபட்டார்கள் என்று அவரவர் அனுபவத்தை எழுதுமாறு வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், வேலூர்

தங்கள் பதிவை மதிப்போடு வாசித்தேன், அம்மா. நோயாளிகளைத் தேர்ந்தெடுப்பதில் ஏற்படும் குறைகள் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து, ஆராய்ச்சி செய்பவர் எந்தச் சாதி, எந்தப் பாலினம், எந்த ஊர் என்று பார்க்க வேண்டும் என்ற முடிவுக்குச் செல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. முப்பத்தொரு ஆண்டுகள் ஒளியியல் கற்பித்தவன் நான். ஒளி, அதை அளப்பவர் யார் என்று பார்ப்பதில்லை. கருவியைச் சரியாக அமைத்தால் யார் அளந்தாலும் ஒரே விடைதான் வரும். தகுதியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், காலப்போக்கில் எல்லோரும் உள்ளே வருவார்கள் என்பதே என் நம்பிக்கை.

கணியம்பாடி களப்பணியாளர்

நான் பட்டம் பெற்ற ஆய்வாளர் அல்ல. பல ஆண்டுகளாக வெவ்வேறு ஆய்வுத் திட்டங்களில் ஒப்பந்த அடிப்படையில் வீடு வீடாகச் சென்று விவரங்களும் மாதிரிகளும் சேகரித்தவள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். அடுத்த திட்டம் வரும்வரை வீட்டில் இருப்பேன். நான் எந்த நிறுவனத்தில் பணியாற்றினேன் என்பது இங்கே தேவையில்லை.

ஐயாவுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நாங்கள் காலை பத்து மணிக்கு வண்டியில் ஊருக்குள் போவோம். பத்து மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள்? காலணித் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு வேன் ஏழு மணிக்கே போயிருக்கும். நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் ஏரிக்கரையில் இருப்பார்கள். கட்டட வேலைக்குப் போகும் ஆண்கள் விடியற்காலைப் பேருந்திலேயே காட்பாடிக்குப் போய்விடுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் முதியவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், சொந்த நிலமோ கடையோ உள்ள குடும்பத்தார். ஊர்த்தெருவில் பத்து வீட்டுக்கு எட்டு வீடு திறந்திருக்கும். காலனியில் பத்துக்கு மூன்றுதான் திறந்திருக்கும். பூட்டியிருந்த வீட்டுக்கு இரண்டாம் முறை போக வேண்டும் என்று விதி உண்டு. அந்த இரண்டாம் முறையும் பகல் பதினொரு மணிக்கே போவோம், ஏனென்றால் ஐந்து மணிக்குள் வண்டி திரும்பியாக வேண்டும். அதற்கு மேல் அந்தப் படிவத்தில் ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிடுவோம். கணினியில் ஏறும்போது அது ‘பங்கேற்க மறுத்தார்’ என்ற கட்டத்தில் போய் விழுந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்கள் மறுக்கவே இல்லை. அவர்களை யாரும் கேட்கவே இல்லை.

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் வீட்டிலேயே இருப்பார்கள். ஆனால் அவர்கள் கை நின்றால் கூலி நின்றுவிடும். முக்கால் மணி நேரக் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தால், மடியில் முறம், கையில் இலை, வாயில் ‘ஆமாம், இல்லை’ என்ற பதில். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னால் இவள் சீக்கிரம் எழுந்து போவாள் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் அது தெரியும். ஒருமுறை, அன்றைய கூலியில் பாதியையாவது ஈடாகத் தாருங்கள், நிதானமாகப் பதில் சொல்வார்கள் என்று மேலாளரிடம் சொன்னேன். நல்ல யோசனை என்று குறித்துக்கொண்டார். நிதி ஒதுக்கீட்டில் அதற்கு இடமில்லை என்று பிறகு பதில் வந்தது.

அந்த ஆய்வு கட்டுரையாக வெளிவந்தபோது கடைசிப் பக்கத்தில் ‘களப்பணியாளர்களுக்கு நன்றி’ என்று ஒரு வரி இருந்தது. பெயர் இல்லை. நான் அதற்காக வருந்தவில்லை என்று சொன்னால் பொய்யாகும்.

குடியாத்தம் வேதியியல் ஆசிரியை

கணியம்பாடி அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன். இயற்பியல் ஐயா ‘கருவியைச் சரியாக அமைத்தால்’ என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லிலேயே விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிக்கொண்டோமே, அந்த ஆக்சிஜன் அளக்கும் கருவி முழுக்க முழுக்க ஒளியியல்தான். விரல் வழியாகச் செல்லும் இரண்டு அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்து ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைக் கணிக்கிறது. ஒளி ஆளைப் பார்ப்பதில்லைதான். ஆனால் உறிஞ்சப்பட்ட அளவை விழுக்காடாக மாற்றும் அட்டவணையை மனிதர்களின் விரல்களில் அளந்துதான் செய்ய வேண்டும். அந்த விரல்களில் பெரும்பாலானவை வெளிர்நிறத்தவருடையவை. 2020-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் விட்டது கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று கண்டறிந்தது. அட்டவணை தயாரித்த அறையில் கறுத்த தோல் கொண்ட ஒரு பொறியாளர் இருந்திருந்தால் ‘என் விரலையும் வைத்துப் பார்ப்போம்’ என்று சொல்லியிருப்பார். மரபணு ஆய்வுகளும் இப்படித்தான். நோய்க்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த உலக ஆய்வுகளில் பங்கேற்றவர்களுள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் ஐரோப்பிய வழித்தோன்றல்கள்.

தகுதி மட்டும் இருந்தால் போதும் என்பதற்கும் வரலாறு துணைநிற்கவில்லை. 1933-ல் பம்பாயில் முதல் மாணவியாகத் தேறி வந்த கமலா சோகோனியை, பெண் என்பதற்காகவே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்க்க மறுத்தவர் சி.வி.ராமன். கமலா விடாமல் வாதாடியபின், ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு ராமன் சேர்த்துக்கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர் கமலா. ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளியை ஆராய்ந்த அன்னா மாணி, ஆய்வேட்டை எழுதிச் சமர்ப்பித்தும் முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. பட்டம் இல்லாமலேயே நாட்டின் வானிலைக் கருவிகளை உருவாக்கினார். ராமனின் அறிவியலில் யாருக்கும் ஐயமில்லை. அத்தகைய கண்ணுக்கே எதிரில் நின்ற தகுதி தெரியவில்லை என்றால், தகுதி தானாகத் தெரியவரும் என்று நாம் எப்படி நம்பியிருப்பது?

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் குழந்தை பிறந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி ஆய்வு மாணவியருக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு. ஆய்வை முடிக்கப் பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையோருக்கும் இரண்டு ஆண்டுகள் கூடுதலாகவும் உண்டு. விடுப்பு கிடைத்தது. திரும்பி வந்தபோது திட்டக்காலம் முடிந்து உதவித்தொகை நின்றிருந்தது. என் சோதனைப் பகுதி வேறொரு மாணவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. விதியில் எனக்கு இரண்டு ஆண்டுகள் இருந்தன, ஆய்வகத்தில் எனக்கு இடம் இல்லை.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், வேலூர்

ஆக்சிஜன் கருவி பற்றிச் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அது நான் கற்பித்த பாடத்திலேயே இருந்த ஓட்டை. அளவைத் தரப்படுத்துதல் என்று கரும்பலகையில் எழுதிய நான், எதை வைத்துத் தரப்படுத்துகிறோம் என்று மாணவர்களைக் கேட்கவைத்ததில்லை.

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்கு மாணவர்களைப் பலமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். 1972-ல் அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டதையும், 1977-ல் யுரேனஸ் கோளுக்கு வளையம் உண்டு என்ற கண்டுபிடிப்பில் அதற்குப் பங்கு இருந்ததையும் ஒவ்வொரு முறையும் ஆர்வத்தோடு விளக்குவேன். திரும்பும் வழியில் மலைப்பள்ளிப் பிள்ளைகள் சாலையோரம் நின்று எங்கள் பேருந்துக்குக் கையசைப்பார்கள். அவர்களில் ஒருவரையாவது அந்தப் பேருந்தில் ஏற்றியிருக்கலாம் என்று நேற்று இரவுதான் எனக்குத் தோன்றியது.

இருப்பினும் ஒன்றில் நான் மாறவில்லை: ஓர் ஆய்வுக் கட்டுரையை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது எழுதியவர் யார் என்பதைப் பார்க்கக் கூடாது. இதை நீங்களும் ஏற்பீர்கள் என்று நினைக்கிறேன்.

பேரணாம்பட்டு உயிர்வேதியியல்

முழுமையாக ஏற்கிறேன், ஐயா. எழுதியவர் பெயரை மறைத்தே மதிப்பிட வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கையும். ஆனால் நேர்முகத் தேர்வு பெயரை மறைத்து நடப்பதில்லை. ஒரு நிறுவனத்தில் நான் நேர்முகத்துக்குச் சென்றபோது முதல் கேள்வி சொந்த ஊர். இரண்டாம் கேள்வி ஊரில் எந்தப் பகுதி. மூன்றாம் கேள்வி அப்பா என்ன செய்கிறார். தோல் தொழிற்சாலை என்றதும், அதில் என்ன வேலை என்று கேட்டார்கள். நொதிகளைப் பற்றிய முதல் கேள்வி வருவதற்குள் ஏழு நிமிடங்கள் ஆகியிருந்தன. அந்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் அந்த ஏழு நிமிடங்கள்தான் என்று என்னால் மெய்ப்பிக்க இயலாது. மெய்ப்பிக்க இயலாததை ஒவ்வொரு முறையும் சுமந்துகொண்டு வெளியே வருவதுதான் கடினமாக இருக்கிறது.

சக்கர நாற்காலி நுண்ணுயிரியல்

இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத ஒன்றை எழுதுகிறேன். 1954-ல் நடந்த விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இரு கால்களும் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், அதன் பிறகும் இதே வேலூரில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, இங்கே அதற்கெனத் தனித் துறையை வளர்த்தெடுத்தார். 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மன உறுதியைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: கை அறுவைச் சிகிச்சை அமர்ந்தே செய்யத்தக்கது என்பதைக் கண்டு அவரை மேசைக்கு அழைத்துவந்தவர்கள் இருந்தார்கள். உறுதி அவரிடம் இருந்தது, மேசை அவருக்கு எட்டியது.

நான் முதுகலை படித்த ஆய்வகத்தில் மேசைகள் நின்று வேலை செய்வோருக்காக ஏறத்தாழ 90 செ.மீ. உயரத்தில் இருந்தன. என் கண்மட்டத்தில் சுடர் எரியும். கிருமி கலவாமல் வேலை செய்யும் கண்ணாடிப் பெட்டிக்குள் முழங்கால் நுழைய இடமில்லை. இரண்டு ஆண்டுகளும் தோழி செய்ய, நான் குறிப்பெடுத்தேன். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வியில் 5 விழுக்காடு இடங்களையும் அரசுப் பணியில் 4 விழுக்காட்டையும் எங்களுக்கு ஒதுக்குகிறது. அந்த இடத்தில் வந்து அமர்பவருக்கு மேசையின் உயரத்தைக் குறைக்க ஒரு தச்சரும் அரை நாளும் போதும். நான் படித்த இரண்டு ஆண்டுகளில் அந்தத் தச்சர் வரவே இல்லை.

நெறிமுறைக் குழுவில் இருந்த தமிழாசிரியர்

மருந்துகளை மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி அக்குழுவில் குறைந்தது ஏழு பேர், அவர்களுள் பொதுமக்களின் சார்பில் ஒருவர், ஒரு பெண், ஒரு சட்ட வல்லுநர் இருந்தாக வேண்டும். பாதிப்பேராவது அந்நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தில் அந்தப் பொதுமக்கள் பிரதிநிதியாகச் சில ஆண்டுகள் இருந்தேன். என் வேலை, தமிழில் எழுதிய ஒப்புதல் படிவம் எளிய மக்களுக்குப் புரியுமா என்று பார்ப்பது.

முதல் கூட்டத்தில் என் கையில் வந்த படிவத்தில், ‘நீங்கள் சீரற்ற முறையில் இரு கரங்களுள் ஒன்றில் ஒதுக்கப்படுவீர்கள்’ என்று இருந்தது. முப்பது ஆண்டு தமிழ் கற்பித்த எனக்கே பொருள் விளங்கவில்லை. இரண்டு குழுக்களில் எந்தக் குழுவில் நீங்கள் சேருவீர்கள் என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போல முடிவாகும், மருத்துவரும் அதை மாற்ற முடியாது என்பதுதான் அதன் பொருள். ‘மருந்துப்போலி’ என்ற சொல்லைப் படித்த ஒரு தாய், போலி மருந்தா கொடுப்பீர்கள் என்று அஞ்சி எழுந்து போனதாகக் களப்பணியாளர் சொன்னார். அந்த அம்மையார் புரியாமல் பேசவில்லை. நாம் எழுதியதைச் சரியாகத்தான் படித்தார். ‘மருந்து எதுவும் சேராத, ஆனால் பார்ப்பதற்கு அதே போன்ற மாத்திரை, உங்களுக்கு இது வரவும் வாய்ப்பு பாதிக்குப் பாதி’ என்று எழுதலாம் என்றேன். இடம் அதிகமாகிறது என்றார்கள். ஆகட்டும் என்றேன். படிவம் ஒன்றரைப் பக்கம் நீண்டது.

‘எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு’ என்ற வரி எல்லாப் படிவத்திலும் உண்டு. அதன் கீழே, விலகினாலும் இந்த மருத்துவமனையில் உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் கிடைக்கும் சிகிச்சை குறையாது என்ற வரி தனியாக, பெரிய எழுத்தில் வேண்டும் என்று கேட்டுப் பெற்றேன். மருத்துவரிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாத மக்கள் நம்மவர்கள். 1986-ல் காப்பகத்தில் இருந்த அந்தப் பெண்களை நினைக்கிறேன். வெளியே போகவே உரிமை இல்லாத ஒருவர், ரத்தம் தர மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா? அவர்கள் தந்த ரத்தத்தால் ஒரு நாடே விழித்துக்கொண்டது. அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கும் ஒருவர் அன்றைக்கே அந்த அறையில் இருந்திருக்க வேண்டும்.

பேரணாம்பட்டு உயிர்வேதியியல்

ஐயா, தாங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் சொந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் ‘சீரற்ற முறையில்’ என்று இருக்கிறது. நான்தான் எழுதியிருக்கிறேன்.

என் ஆய்வில் மெலிந்த உடல் கொண்டவர்களின் சர்க்கரை அளவைப் பற்றி ஒரு சிறு பகுதி உண்டு. நாற்பது பேரிடம் மாதிரி எடுக்க வேண்டும். மாதவிடாய்ச் சுழற்சியால் கணக்கு சிக்கலாகும் என்று ஆண்களை மட்டும் எடுக்கத் திட்டமிட்டிருந்தேன். நான் தொடங்கிய இழையிலேயே மற்றவர்களின் ஆய்வில் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியிருக்கிறேன். நெறியாளரிடம் இன்று பேசினேன். பெண்களைச் சேர்த்தால் எண்ணிக்கை எண்பதாகும், சோதனைப் பொருள்களுக்கான செலவும் இரட்டிப்பாகும் என்றார். நாற்பதிலேயே இருபது பெண்கள் என்றால் முடிவு உறுதியாக இராது என்பதும் உண்மைதான். அறுபது பேர் என்ற அளவுக்கு இருவரும் வந்திருக்கிறோம். மீதிப் பணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். திருத்திய படிவத்தை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் முன் பீடி சுற்றும் பெண்கள் சிலருக்கு வாசித்துக் காட்ட விரும்புகிறேன். கணியம்பாடி அக்கா உடன் வர இயலுமா? பயணச் செலவும் ஒருநாள் ஊதியமும் என் உதவித்தொகையிலிருந்து தருகிறேன். கட்டுரையில் தங்கள் பெயர் நன்றிப் பகுதியில் அல்ல, ஆசிரியர் வரிசையில் இருக்க வேண்டும் என்பதையும் நெறியாளரிடம் கேட்டிருக்கிறேன். கேள்வித்தாளை மாற்றி அமைப்பதில் தாங்கள் பங்கேற்றால் அது முறையானது என்றார்.

கணியம்பாடி களப்பணியாளர்

வருகிறேன், தங்கச்சி. பகலில் வேண்டாம். சுற்றிய பீடியைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிட்டு அவர்கள் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்துப் போவோம். அப்போதுதான் கை ஓய்வாக இருக்கும். எந்தத் தெருவில் எந்த நேரம் என்று விசாரித்து நாளை எழுதுகிறேன். படிவத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு எடுத்துவாருங்கள், பாதிப்பேருக்கு இலை வெட்டி வெட்டிக் கண் மங்கிவிட்டது.

சக்கர நாற்காலி நுண்ணுயிரியல்

வாசித்துக் காட்டுவதை ஒலிப்பதிவும் செய்துகொள்ளுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் பார்வை இல்லாதவர்களுக்கும் அதையே போட்டுக் காட்டலாம். பதிவைச் சீர்செய்து தரும் வேலையை வீட்டிலிருந்தே நான் செய்கிறேன்.